பூட்டு யார் கையில்?

"பைத்தனில் ஜிஐஎல் இருக்குத்தானே, பிறகென்ன பயம்?" எண்டு கனபேர் கேக்கினம். நானும் அப்பிடித்தான் நம்பியிருந்தேன். ஜிஐஎல் காப்பாற்றுவது பைத்தனின் உள்வீட்டை, உங்கட கணக்கை இல்லை. ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது பார்க்க ஒரு வரிதான். உள்ளே அது மூன்று வேலை: எடு, கூட்டு, திரும்ப வை. இரண்டு திரெட்டும் 10ஐ எடுத்துவிட்டால் இரண்டும் 11ஐத்தான் வைக்கும். ஒரு கூட்டல் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

2024இல் வந்த 3.13இலிருந்து, ஜிஐஎல் இல்லாத பைத்தனும் தனியாகக் கிடைக்கிறது. வேகத்துக்கு நல்லதுதான். ஆனால் இவ்வளவு நாளும் அதிர்ஷ்டத்தில் ஓடிய நிரல்கள் அதில் என்ன பாடுபடும்?

"கவனமா எழுதினால் போதும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தால் 1985–87இல் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர் பாய்ந்தது. சிலர் இறந்தும் போனார்கள். அதிலிருந்த ஒரு பிழை, இயக்குபவர் விறுவிறுவெனத் திருத்தித் தட்டினால் மட்டும் வரும். ஆறுதலாகச் சோதித்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அதனால்தான் எனக்கு ரஸ்டைப் பிடிக்கும். அங்கே மியூட்டெக்ஸ் தரவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். பூட்டை எடுக்காமல் தரவைத் தொடப் போனால் கொம்பைலரே மறித்துவிடும். முதல் கிழமை விசர்தான் வந்தது, உண்மை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாற பிழையைவிட அந்த மறிப்புப் பரவாயில்லை. இரண்டு திரெட் ஒன்றின் பூட்டுக்காக மற்றது காத்து, அப்படியே உறைந்து நிற்பதை மட்டும் ரஸ்டும் தடுக்காது.