கிணற்றின் சுவரையும் அளக்க வேண்டும்

2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தபோது, நகரிலுள்ள ஏறத்தாழ 14,000 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையா தெரிவித்தார். போர்வெல் என்பது ஒல்லியான, நீண்ட உருளை. ஆறரை அங்குல விட்டத்தில் 1,000 அடி துளைத்து, அது வாய்வரை நிரம்பினாலும் உள்ளே நிற்பது சுமார் 6,500 லிட்டர்தான். ஒரு லாரித் தண்ணீர். நாள் முழுக்க மோட்டார் ஓடியும் நீர் வருகிறதென்றால், பாறை இடுக்குகள் ஊறிக் கொடுக்கின்றன என்று பொருள். அந்த இடுக்குகளுக்கு மேலிருந்து மழைநீர் இறங்கியாக வேண்டும்.

இறக்கும் வழியும் ஓர் உருளைதான். மூன்றடி விட்டம், இருபதடி ஆழத்தில் தோண்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய ரீசார்ஜ் கிணறு. தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள். பயோம் அறக்கட்டளை அவர்களோடு சேர்ந்து, பெங்களூருக்குப் பத்து லட்சம் கிணறுகள் என்ற இயக்கத்தை நடத்திவருகிறது. கப்பன் பூங்காவில் பழைய கிணறுகள் தூர்வாரப்பட்டதும் இந்த முயற்சியில்தான்.

பெங்களூரு குடிநீர் வாரியச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தம் 60×40 அடி அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் உள்ள பழைய கட்டடங்களுக்கும், 30×40 அடி அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் எழும் புதிய கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் கூரையின் சதுர மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று கொள்ளளவையே விதி முதன்மையாகக் கேட்கிறது. தொட்டிக்கு அது போதும். மண்ணுக்குள் நீரை அனுப்ப வேண்டிய கிணற்றுக்குப் போதாது.

கணக்கு எளிது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் விழும். கிணற்றின் கன அளவு πr²h. ஒன்றரை அடி ஆரம், இருபதடி ஆழம் என்றால் 141 கன அடி, அதாவது 4,000 லிட்டர். சேதாரம் போக, அந்த ஒரு மழைக்குச் சரியாக இருக்கும்.

இப்போது அதே 141 கன அடியை ஆறடி விட்டம், ஐந்தடி ஆழம் என்று அகலமாகத் தோண்டலாம். வெட்டும் மண்ணும் கொள்ளும் நீரும் ஒன்றே. ஆனால் வளைபரப்பு, 2πrh, முதல் கிணற்றில் 188 சதுர அடி, இரண்டாவதில் 94. அடித்தளத்தையும் சேர்த்தால்கூட 195-க்கு 122தான். அகலக் கிணற்றுக்கு அடித்தளம் பெரியதாயிற்றே என்று கேட்கலாம். மாடியிலிருந்து வரும் வண்டல் முதலில் படிந்து அடைப்பது அந்த அடித்தளத்தைத்தான். பிறகு நீர் வெளியேறப் பக்கச் சுவர்தான் கதி. மேலடுக்கில் களிமண் இருந்தால், அதைத் தாண்டி இறங்குவதும் ஆழமான கிணறே.

பல வீடுகளில் இன்னொரு தவறு நடக்கிறது. தோண்டிய குழியை ஜல்லி கொட்டி நிரப்பிவிடுகிறார்கள். ஜல்லிக்கு இடையே எஞ்சும் வெற்றிடம் சுமார் 40 விழுக்காடு. 4,000 லிட்டர் கிணறு 1,600 லிட்டராகிவிடும். உள்ளே இறங்கித் தூர்வாரவும் முடியாது. ஜல்லி உறைக்கு வெளியே, மண்ணுக்கும் உறைக்கும் நடுவே இருக்க வேண்டியது. கிணற்றுக்குள் நீர் மட்டுமே நிற்க வேண்டும். மேலே உறுதியான மூடி வேண்டும். மாடிநீர் வடிகட்டியைக் கடந்தே இறங்க வேண்டும்.

ஆகவே குடிநீர் வாரியம் கட்டட வரைபடத்தில் லிட்டரோடு விட்டம், ஆழம், வளைபரப்பு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி டேப்பைக் கிணற்றுக்குள் இறக்கி அளந்துபார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் உருளையின் வளைபரப்பும் கன அளவும் ஏற்கெனவே பாடமாக இருக்கின்றன. பருவமழை தொடங்கும் காலத்தையொட்டியே பள்ளிகள் திறக்கின்றன. தெருவில் உள்ள ஒரு கிணற்றை மாணவர்களை விட்டு அளக்கச் செய்து, மழை நின்றபின் நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்கச் சொன்னால், எந்தக் கிணற்றை உடனே தூர்வார வேண்டும் என்ற பட்டியல் வாரியத்தின் கைக்கு வந்துசேரும்.