சேர்ந்திசைக்கத் தெரியாத தலைமுறையா?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்குத் தமிழ் இலக்கிய வரலாற்றில் தனி இடம் உண்டு. தேவார மூவரும் பாடிய தலம் அது. வண்ணப்பாவுக்கு இலக்கணம் வகுத்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) மடம் அமைத்து வாழ்ந்த ஊரும் அதுவே. ஆயினும் இன்று நாம் நினைவுகூர விரும்புவது, ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களை. ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவருக்கு நடக்க இயலாது. பார்வையற்றவர் சுமக்க, நடக்க இயலாதவர் அவர் தோளில் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராய்ச் சென்றனர் என்பது மரபு. வெண்பாவின் முன்னிரண்டு அடிகளை ஒருவர் தொடங்குவார். பின்னிரண்டு அடிகளை மற்றவர் முடிப்பார். முன்னவர் விட்ட சொல்லைப் பின்னவர் உற்றுக் கேட்டிருந்தாலன்றித் தளை தட்டும்; பொருளும் சிதறும்.

கேட்டு முடிக்கும் இக்கலையைத்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கத் தவறிக்கொண்டிருக்கிறோம்.

இசை வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கீபோர்டும் கிட்டாரும் வயலினும் கற்பிக்கும் பலகைகள் தொங்குகின்றன. பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'எத்தனையாவது கிரேடு?' பிள்ளை அறைக்குள் தனியே பயில்கிறது. ஆய்வாளர் முன் தனியே வாசிக்கிறது. சான்றிதழ் சட்டமிடப்பட்டுக் கூடத்தில் தொங்குகிறது. தொலைக்காட்சிப் போட்டியோ இன்னும் ஒரு படி மேலே போய், உடன் பாடுபவனைத் தோற்கடிக்க வேண்டியவனாகக் காட்டுகிறது. இவ்வாறு பயின்ற நால்வரை ஒன்றாக அமர்த்தி ஒரு பாடலை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். நால்வரும் திறமைசாலிகள், ஆனால் நான்கு பாடல்கள் கேட்கும்!

மேனாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று ஒன்றைப் போற்றி வளர்த்திருக்கிறார்கள். அதைச் சிற்றவை இசை என்போம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் சேரும் 'குவார்டெட்' அதன் தலைசிறந்த வடிவம். பேரிசைக் குழுவில் ஒரே பகுதியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். ஒருவர் தவறினாலும் மற்றவர் ஒலி அதை மூடிவிடும். இங்கோ ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. ஒருவர் நிறுத்தினால் அவ்விடம் வெறுமையாகிவிடும். கோல் பிடித்து நடத்துபவர் எவரும் இல்லை. வில்லை உயர்த்தும் கையும், உள்ளிழுக்கும் மூச்சும், ஒரு கண்ணசைவுமே தொடக்கத்திற்கு அடையாளம். வயலினில் சுரத்தான இடத்தைக் காட்டும் மெட்டுகள் இல்லை. எனவே அடுத்தவர் சுரத்தைக் கேட்டே தம் சுரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மெட்டு ஒருவர் கைக்குப் போகும்போது மற்ற மூவரும் தம் ஒலியைத் தாழ்த்துகிறார்கள். சிறிது நேரத்தில் தாழ்ந்தவர் உயர்கிறார், உயர்ந்தவர் தாழ்கிறார். இதைவிடச் சிறந்த ஒழுக்கப் பள்ளி எது?

'இது அந்நியருடையது, நமக்கெதற்கு?' என்பார் உளர். நம் கச்சேரி மேடையைச் சற்றே உற்றுநோக்கட்டும். பாடுபவரை வயலின் நிழல்போல் தொடர்கிறது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் குறைப்பில் அளவு படிப்படியாகச் சுருங்கி, இறுதியில் இரண்டும் ஒன்றாகின்றன. நாகசுவரக்காரர் இருவராக அமர்ந்து ஒருவர் விட்டதை ஒருவர் தொடுப்பதும் நாம் அறிந்ததே. அந்த வயலினைத்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குள் கொணர்ந்தார். இன்று அதை அந்நியம் என்பார் யார்? 1993இல் வி. எஸ். நரசிம்மன் தொடங்கிய 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்', கருநாடக இசை உருப்படிகளையே நால்வர் இசையாக்கி வாசித்தது. வழி திறந்தே இருக்கிறது, நடக்கத்தான் ஆளில்லை.

'இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியது' என்பார் வேறு சிலர். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008இல் இசைக்கல்லூரி தொடங்கினார். அவர் அறக்கட்டளையின் 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா', வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேலை இசை கற்பித்து, அவர்களை ஒரே குழுவாக மேடையேற்றியது. கோவாவில் பங்கு ஆலயங்களை ஒட்டிய பள்ளிகளே பல தலைமுறைகளாக எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் சுரவாசிப்பும் கற்பித்தன. பிற்காலத்தில் பம்பாய்த் திரையிசைக் குழுக்களை நிரப்பியவர்களுள் பலர் அவ்வாறு பயின்றவர்களே. நம் விழுப்புரத்திலும் அரசு இசைப்பள்ளி வயலினும் மிருதங்கமும் நாகசுவரமும் தவிலும் கற்பிக்கிறது. திருவிழா நாள்களில் ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் நாம் இறைக்கும் பணத்தில் ஒரு பகுதி போதும், நான்கு பிள்ளைகளுக்குக் கருவி வாங்க. குறை பணத்திலா? மனத்திலா?

'ஒரு கீபோர்டு போதுமே. தாளமும் அதுவே, குழலும் அதுவே, வயலினும் அதுவே' என்பதுதான் நம் பங்குகளில் ஓங்கி ஒலிக்கும் வாதம். பொத்தானை அழுத்தினால் ஓடும் தாளம் யாருக்காகவும் காத்திராது. பாடும் மூதாட்டிக்கு மூச்சு வாங்கினாலும் அது நிற்காது. இப்போதோ பதிவுசெய்த இசையை ஓடவிட்டு, அதன்மேல் பாடும் வழக்கமும் பரவிவருகிறது. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் வெளியான திரு இசை பற்றிய உரோமை அறிவுரை, தானியங்கி இசைக்கருவிகளையும் ஒலிப்பதிவுகளையும் திருவழிபாட்டில் பயன்படுத்தலாகாது என்று தெளிவாகவே கூறிற்று. மனிதர் தாமே பாடி, தாமே இசைத்து இறைவனுக்கு அளிப்பதே காணிக்கை. இயந்திரம் பாட, மக்கள் வாயசைப்பதைக் காணிக்கை என எவ்வாறு அழைப்போம்?

ஆஸ்திரிய இசைமேதை ஹெய்டன் (1732–1809) நம் சபையின் மகன். ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரினர் பெரிய வெள்ளி வழிபாட்டுக்காகக் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளுக்கு இசையமைத்தார். சுவர்களும் சாளரங்களும் தூண்களும் கருந்துணி போர்த்திருக்க, நடுவே ஒரே விளக்கு தொங்கிற்று. குருவானவர் ஒரு வார்த்தையை விளக்கிவிட்டுப் பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த மௌனத்தை இசை நிரப்பும். அடுத்தடுத்து ஏழு மெல்லிசைப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். கேட்போர் சலியாதபடி அமைப்பது எளிதாயிருக்கவில்லை என ஹெய்டனே பின்னர் எழுதினார். 1787இல் அதை நான்கு கருவிகளுக்கும் அமைத்துத் தந்தார். தவக்கால மாலை ஒன்றில், திருவழிபாட்டு ஒழுங்குக்கு வெளியே, நம் ஆலயமொன்றில் நான்கு இளையோர் ஒலிபெருக்கியின்றி அதன் ஒரு பகுதியை வாசிப்பதாக எண்ணிப் பாருங்கள். நம் மக்களுக்கு விளங்காது என்பீர்களா? வாய்ப்பே தராமல் எவ்வாறு அறிந்தீர்கள்?

இறுதியாக, எல்லாரும் அறிந்திருந்தும் எவரும் உரக்கச் சொல்லாத ஒன்று. ஊர் என்றும் காலனி என்றும் நம் பங்குகள் பிரிந்து கிடக்கின்றன. தேர் எந்தத் தெரு வரை செல்லும் என்பதில் வழக்கு, கல்லறையிலும் சுவர். ஒருமைப்பாட்டைப் பற்றி மறையுரைகள் ஆற்றியாயிற்று, கருத்தரங்குகளும் கூட்டியாயிற்று. ஊர்ப் பிள்ளை வயலினும் காலனிப் பிள்ளை பறையும் என்று பங்கிட வேண்டாம். இரு தெருப் பிள்ளைகளுக்கும் இரண்டையும் கற்பிப்போம். நால்வரை நெருங்கி அமர்த்துவோம், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் தொலைவில். அடுத்தவன் சுரத்துக்காகக் காத்திருந்து பழகிய பிள்ளை, நாளை அவன் சொல்லையும் காத்திருந்து கேட்பான். இசை சாதியை ஒழித்துவிடும் என நாம் கூறவில்லை. ஆனால் சேர்ந்து அமராமல் எதுவும் தொடங்காது என்று உறுதியாகக் கூறுகிறோம். உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று வேண்டா என்று சொல்ல இயலாது எனப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியது ஆலயச் சுவரில் எழுதிவைக்க மட்டுமா?

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை 'எத்தனையாவது கிரேடு?' என்று கேட்குமுன், 'யாரோடு சேர்ந்து வாசிக்கிறாய்?' என்று கேளுங்கள். பங்குப் பேரவையினரே, புதிய ஒலிபெருக்கிக்கு ஒப்புதல் அளிக்குமுன் நான்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். கண்ணில்லாதவரும் காலில்லாதவரும் சேர்ந்து ஒரு கலம்பகத்தையே பாடி முடித்தார்கள். கண்ணும் காலும் கருவியும் பெற்ற நம் பிள்ளைகளால் ஒரு பாடலைச் சேர்ந்து முடிக்க முடியாதா?

முடியும். நாம் அவர்களைச் சேர்ந்து அமரவிட வேண்டும், அவ்வளவே.