ஒரே கிராஃபில் 5 புதிய துகள்கள்: இந்திய விஞ்ஞானிகளின் கணிப்பு என்ன ஆச்சு?

பாகூர் பக்கத்துல இருக்கிற சேலியமேட்டுக்கு ஊர் பேரிலேயே ஒரு மேடு இருக்கு. ஆனால் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில், 2017 மார்ச்சில் ஒரு கிராஃபில் தெரிந்த 5 மேடுகளுக்கான விளக்கம் இன்னும் முடிந்தபாடில்லை.

அது என்ன மேடு?

புரோட்டான்களை மோதவிட்டு, சிதறும் துகள்களை எல்எச்சிபி குழு ஆராய்கிறது. அவற்றில் இரண்டைச் சேர்த்து, தாய்த்துகளின் நிறை என்னவா இருக்கும்னு கணக்குப் போடுவாங்க. ஒரே நிறை திரும்பத் திரும்ப வந்தால் கிராஃபில் மேடு விழும். அப்படி 3000 முதல் 3119 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை 5 மேடுகள் விழுந்தன. 2023இல் மேலும் 2 சேர்ந்தன.

புதுத் துகளா, பழசா?

எல்லாமே ஒமேகா-சி தான். ஒரு சார்ம் குவார்க், இரண்டு ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்டது. ஒரே மத்தளத்தில் தட்டுகிற இடம் மாறினால் சத்தம் மாறுதில்லையா? அதுபோல உள்ளே குவார்க்குகளின் ஆட்டம் மாறினால் ஆற்றல் கூடும். ஆற்றல் கூடினால் நிறையும் கூடும். இதைத்தான் 'கிளர்வுற்ற நிலை' என்கிறார்கள்.

இந்தியர்கள் சொன்னது என்ன?

மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் நீல்மணி மாத்தூரும், பின்னாளில் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்த எம்.பத்மநாத்தும் சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கு மூலம் 5 நிலைகளுக்கும் சுழற்சி எண் கொடுத்தார்கள். நிறை வரிசைப்படி 1/2, 1/2, 3/2, 3/2. கடைசி ஒன்று 5/2 ஆக இருக்கலாம் என்றார்கள்.

பலித்ததா?

2021இல் எல்எச்சிபி வேறு வழியில் சோதித்தது. அதில் 4 மேடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் 1/2, 1/2, 3/2, 3/2 என்ற வரிசை 3.5 சிக்மா அளவுக்கு ஒத்துப்போகவில்லை. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கவே 5 சிக்மா வேணும். அதனால் கணிப்புக்கு இது பலமான அடிதான். ஆனால் கதை முடிஞ்சிடலை. இந்தத் துகள்கள் உடைவதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு அது. அதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அடுத்த சவால்.

இதுல நமக்கு என்ன?

புரோட்டானின் நிறையில் குவார்க்குகளின் சொந்த நிறை சுமார் 1 சதவீதம்தான். மிச்சமெல்லாம் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் ஆற்றல். அந்த விசை நமக்கு எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு சோதிக்கிற பரீட்சைத் தாள்தான் இந்த 5 மேடுகள். தராசில் ஏறி நிற்கிற நம்ம எடையும் அந்தக் கணக்கில்தான் வருது.