கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு கொடுங்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காயைப் பறிக்க விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறுகிறவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் மென்பொருள் நிறுவனம் நடத்தக் கூடாதா?

நல்ல வேலை கிடைத்தால் போதாதா என்பார்கள். அமெரிக்காவில் தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கியதாக, சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறையே 2020இல் வழக்குத் தொடுத்தது. வேலை மட்டும் போதாது, முதலாளியாகவும் வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடியினரின் புத்தொழில்களுக்காகத் தமிழக அரசு 2022-23இல் 30 கோடி ரூபாயில் தனி நிதியம் தொடங்கியது. மறு ஆண்டு அதை 50 கோடியாக உயர்த்தியது. இது கடன் அல்ல, நிறுவனத்தில் அரசு போடும் பங்கு முதலீடு. வரவேற்கிறோம். ஆனால், 51 சதவீதப் பங்கு நம்மவரிடம் உள்ள நிறுவனம் முதலில் இருக்க வேண்டும். சம்பளமின்றி ஓராண்டு உட்கார்ந்து ஒரு செயலியை உருவாக்கினால்தான் நிறுவனம் பிறக்கும். அந்த ஓராண்டுக்குக் கூலி வீட்டில் வழி ஏது?

போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கேயே நம் பட்டதாரிகளுக்கு ஓராண்டு உதவித்தொகை, மடிக்கணினி, நிறுவனப் பதிவுக்கான உதவி ஆகியவற்றை அரசு தரட்டும். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி பாக்கி என்று தோட்டத் தொழிலாளி தன் கைப்பேசியில் பார்க்கும் செயலியை அந்தப் பிள்ளைகளைவிட யார் நன்றாக எழுதிவிடுவார்?