பழியைத் தமிழ்மேல் போடாதீர்கள்



“வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு ஆங்கிலம் தப்பாகத்தான் வரும்” என்று நேற்று ஒருவர் என்னிடமே சொன்னார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘ஐ ஆம் நோயிங் தி ஆன்சர்’ என்று பிள்ளை எழுதினால், “எனக்குப் பதில் தெரிந்துகொண்டிருக்கிறது என்று தமிழில் சொல்வாயா?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே ‘ஐ நோ’ என்று திருத்திவிடும். அங்கே தமிழ்தான் வாத்தியார்.

‘டிஸ்கஸ் அபௌட்’ நம் ‘பற்றி’யால் வரும் பிழைதான், மறுக்கவில்லை. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் புரியும்.

புரியாமல் மனப்பாடம் செய்ய வைத்தது நம் குற்றம். வீட்டில் தமிழையும் நிறுத்திவிட்டால், எந்த மொழியில் அந்தப் பிள்ளைக்குப் புரியவைப்பீர்கள்?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்