ஹேலோ 2: பகைவனின் கண் வழியே ஒரு போர்

மதரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு வீடியோ கேமில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் பேச்சில் 'ஹேலோ' அடிபடாத நாளில்லை. அதில் வரும் எதிரிகள் ஒரு மதத்தின் பேரால் போர் புரிபவர்கள் என்று அறிந்ததும், இரண்டாம் பாகத்தை நாமே முழுவதுமாக ஆடிப் பார்த்தோம்.

முதல் பாகம் 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுடன் வந்தது. மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2004 நவம்பர் 9இல் வெளியான இரண்டாம் பாகம், முதல் நாளிலேயே 12.5 கோடி டாலர் ஈட்டியது. கணினியிலும் கிடைப்பதால் இன்றைய பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்துவிட்டது.

கதை நிகழும் ஆண்டு 2552. வேற்றுக்கிரக இனங்கள் பல ஒரே மதத்தின் கீழ் அணிதிரண்டு மனித குலத்தை அழிக்க முனைகின்றன. 'ஹேலோ' எனும் பழங்கால வளையங்களை இயக்கினால் ஈடேற்றம் கிட்டும் என்று அவற்றின் தலைவர்கள் போதிக்கின்றனர். உண்மையில் அவ்வளையங்கள் சிந்திக்கும் உயிர்கள் அனைத்தையும் கொன்றொழிக்கும் ஆயுதங்கள்.

முதல் பாகத்தில் இந்த எதிரிகள் வெறும் குறிகளே. இரண்டாம் பாகம் தொடங்கும் விதமே வேறு. ஒருபுறம் மனிதப் படைவீரனுக்குப் பதக்கம் சூட்டுகிறார்கள். அதே வேளையில் மறுபுறம், வளையத்தைக் காக்கத் தவறிய எதிரித் தளபதிக்கு மதத் துரோகி என்று சூடு போடுகிறார்கள். அதன்பின் ஏறத்தாழப் பாதி ஆட்டத்தை அத்தளபதியாகவே ஆட வேண்டும். தலைவர்கள் பொய்யுரைக்கிறார்கள் என்று முதலில் எடுத்துச் சொன்ன ஒருவனைக் கொல்வதுதான் அவனுக்கு இடப்படும் முதல் கட்டளை. அவனும் கொல்கிறான். கொல்லப்பட்டவன் சொன்னதே உண்மை என்று பின்னர்தான் தெளிகிறான். அந்தக் கொலையைச் செய்யப் பொத்தானை அழுத்தியவர்கள் நாம். துப்பாக்கி ஆட்டம் ஒன்றில் இப்படியோர் உறுத்தலை நாம் எதிர்பார்க்கவில்லை.

இத்தளபதிக்கு 'ஆர்பிட்டர்' என்று பெயர். முதலில் வைத்த பெயர் 'தர்வேஷ்'. முஸ்லிம்களைச் சுட்டுவதாகத் தோன்றிவிடும் என்ற அச்சத்தில், வெளியீடு நெருங்கிய வேளையில் மாற்றினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பொய்யுரைக்கும் மூன்று தலைவர்களின் பட்டம் மட்டும் மாறவில்லை. ஆங்கிலத்தில் நபிமார்களைக் குறிக்கும் 'ப்ராஃபெட்' என்ற சொல்லே அது! அச்சொல்லை வஞ்சகரின் பெயராகவே நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் கேட்கிறார்கள். இந்த ஆட்டத்தின் மீது நம் முதன்மையான ஆட்சேபம் இதுவே.

அதற்காக, ஆட்டமே இஸ்லாமிய வெறுப்பு என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. மதத்தைச் சொல்லி மக்களின் பொருளை உண்ணும் தலைவர்களை அத்தவ்பா அத்தியாயம் 34ஆம் வசனத்தில் குர்ஆனே கண்டிக்கிறது. நம் குறை வேறு. பொய்த் தலைமையை உதறிய பின் ஆர்பிட்டரின் நம்பிக்கை என்னவாயிற்று? இந்தப் பாகம் அதைக் கேட்பதே இல்லை.

பூமியில் போர் நடக்கும் நகரம் கென்யாவின் மொம்பாசா. இப்னு பதூதா 1331இல் கண்ட ஊர் அது. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றைப் போல் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் மக்கள், மரத்தால் ஆன பள்ளிவாசல்கள் என்று அவர் எழுதி வைத்தார். ஆட்டத்திலும் பழைய நகரத்தின் குறுகலான தெருக்கள் உண்டு. அவற்றில் வாழ்ந்தவர்களைத்தான் காணோம். சுடுவதற்கு எதிரிகளும் துணைக்குப் படைவீரர்களும் இருக்கிறார்கள், அவ்வளவே.

ஆட்டத்துக்கு விதிக்கப்பட்ட வயது 17. பெற்றோர் அதை ஒப்புக்கு அச்சிட்ட எண்ணாகக் கருத வேண்டாம். இணையத்தில் முகமறியாதவர்களோடு ஆடும்போது காதில் விழும் வசைகள், திரையில் சிந்தும் இரத்தத்தை விட மோசமானவை. தனியாக ஆடுவதே மேல். அப்போது இடையில் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. இஷா தப்பியதற்கு ஆட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது.

முடிவுதான் ஏமாற்றம். படைவீரன் பூமிக்குத் திரும்பும் தறுவாயில் கதை சட்டென்று அறுந்துவிடுகிறது. அன்று ஆடியவர்கள் மீதிக் கதைக்கு 2007 வரை காத்திருந்தார்கள். இன்று மூன்றாம் பாகமும் அதே தொகுப்பில் கிடைக்கிறது.