அப்டேட்டை அணைத்தவர்கள் நாங்கள்தான்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் ஊர்களிலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கத்திலும் இருக்கும் நம் மக்களுக்கு,

நாங்கள் உங்கள் ஃபோனையும் கம்ப்யூட்டரையும் பழுது பார்க்கிறவர்கள். இ-சேவை மையம் நடத்தும் சிலரும், கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சிலரும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். உங்களிடம் ஒன்று கேட்பதற்காகத்தான் எழுதுகிறோம். கேட்பதற்கு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது.

"ஃபோன் தானா நெட்டைத் தின்னுது தம்பி, அதை நிறுத்திக் குடு" என்று கடையில் வந்து நின்றீர்கள். நிறுத்திக் கொடுத்தோம். கம்ப்யூட்டராக இருந்தால் நீங்கள் கேட்கக்கூட வேண்டியதில்லை. சர்வீஸ் செய்யும்போதே விண்டோஸ் அப்டேட்டை முடக்கிவிடுவது எங்களில் பலருக்குப் பழக்கம். அப்டேட் ஓடினால் இயந்திரம் ரெண்டு நாள் மந்தமாக இருக்கும். "நீ பார்த்த பிறகுதான் இப்படி ஆச்சு" என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாங்கள் ஏற்றிக் கொடுத்த விண்டோஸ் பல இடங்களில் காசு கொடுத்து வாங்கியது இல்லை. அப்டேட் ஓடினால் குட்டு வெளிப்படும். ஆக, எங்கள் வசதிக்காக உங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு முந்நூறு ரூபாய் கூலியும் வாங்கிக்கொண்டோம்.

எந்தத் தாழ்ப்பாள் என்று கேட்பீர்கள். ஃபோனைத் திறந்தால் உங்கள் கண்ணில் படுவது வாட்ஸ்ஆப், யூடியூப், வங்கிச் செயலி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு நீர்க்கட்டியைச் சொன்னால் போதும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். வயல்காரர் மடையில் கை வைக்கக் கூடாது. அதுபோல எந்தச் செயலியும் கேமராவையோ, மைக்கையோ, சேமித்து வைத்த கோப்பையோ தானாகத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நீர்க்கட்டியையே ஒருவன் ஏமாற்றிவிட்டால் அப்புறம் வரப்பு, வாய்க்கால், முறைப்பாடு எதற்கும் பொருளில்லை. செயலிக்கு நீங்கள் போட்ட பூட்டும் பின் நம்பரும் அப்படித்தான் ஆகும்.

ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிவைத்தது. இன்று மூன்று கோடி வரிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அத்தனை வரியில் பிழை இருக்கத்தான் செய்யும். அப்படி ஒரு பிழையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கிய மலைக்காரர்களுக்கு இது உடனே விளங்கும்.

கிராமக் கணக்குப் பதிவேடு பீரோவில் இருக்கிறது என்று வையுங்கள். அதைப் பார்க்கலாம், எழுதக் கூடாது. எழுத வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்துக் கையில் தருவார்கள். அதில் எதைக் கிறுக்கினாலும் மூலப் பதிவேடு அப்படியே இருக்கும். கெர்னலும் கோப்புகளை இப்படித்தான் காக்கிறது. ஒரு திருட்டுச் செயலி இரண்டு ஆளாகப் பிரிந்து வருகிறது. ஒருவன் "நகலில் எழுதுகிறேன்" என்கிறான். அதே நொடியில் இன்னொருவன் "நகலைக் கிழித்துப் போடு" என்கிறான். இதை ஆயிரக்கணக்கான முறை, மூச்சு விடாமல். ஏதோ ஒரு முறை கெர்னல் தடுமாறுகிறது. நகல் போய்விட்டது, எழுத அனுமதி மட்டும் நிற்கிறது, பேனா மூலப் பதிவேட்டின் மேல் விழுகிறது. முடிந்தது கதை. யாருக்கு ஃபோனின் முழு அதிகாரம் என்று எழுதியிருக்கும் இடத்திலேயே அவன் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு டர்ட்டி கவ் என்று பெயர். மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நகலெடுத்து எழுதும் அந்த முறைக்கான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. குறைந்தது 2007 முதலாவது லினக்ஸில் இருந்த இந்த ஓட்டை 2016 அக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் இதைச் சரிசெய்ய முயன்று அது நிலைக்காமல் போனதை டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தோடு சேர்த்தே எழுதி வைத்தார். தப்பை மறைக்காமல் எழுதும் அந்தப் பழக்கம்தான் இந்தக் கடிதத்தின் முதல் பத்திகளுக்கு எங்களுக்குத் தைரியம் தந்தது.

திருத்தம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்கும் அந்த ஆண்டு இறுதியில் வந்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2017 செப்டம்பரில், கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, இதே ஓட்டை வழியாக நுழையும் ஸ்னியூ என்ற கள்ள நிரலை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டுபிடித்தது. விளையாட்டு, ஆபாசப்படம் என்று வேடம் போட்ட 1,200க்கும் மேற்பட்ட செயலிகளில் அது ஒளிந்திருந்தது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்கள் சிக்கினார்கள். பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும். மருந்து கடைக்கு வந்து ஓராண்டு ஆன பிறகு அதே நோயில் படுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஃபோனுக்கு அப்டேட் வரவே இல்லையா, வந்தும் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளினார்களா, எங்களைப் போன்ற யாராவது அணைத்து வைத்தார்களா? மூன்றுமே நம் ஊரிலும் உண்டு.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். கோப்புகளைப் பகிர்வதற்காகக் கெர்னலுக்குள்ளேயே ஓடும் ஒரு பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் கொடுத்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற கள்ள நிரல் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் லட்சக்கணக்கான கணினிகள் மாட்டிக்கொண்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டு முந்நூறு டாலர் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தடுமாறியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் மறக்காதது இன்னொரு இடம்: கேரளத்தின் வயநாட்டில், அதனிடம் மாட்டிய தரியோடு ஊராட்சி அலுவலகம். அதுவும் நம்முடையது போன்ற மலைநாடு, பழங்குடியினர் வாழும் மாவட்டம். "இந்த மலைக்காட்டுக்குள்ள எவன் வந்து நம்ம கம்ப்யூட்டரைப் பிடிக்கப் போறான்?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஊராட்சிதான் எங்கள் பதில். எவனும் தேடி வரவில்லை. ஓட்டை இருக்கிற கணினியைத் தேடி அது தானாகவே ஓடியது. அதற்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது.

நம் மலையில் நிலைமை இன்னும் சிக்கலானது. கீழே ஒரு வீட்டில் நாலு ஃபோன் இருக்கும். அவரவர் பணம் அவரவர் ஃபோனில். மேலே அப்படியில்லை. முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை, நூறு நாள் வேலைக் கூலி எல்லாவற்றையும் எடுக்க ஊருக்கு ஒரு ஏஜென்டிடம் கைரேகை வைக்கிறீர்கள். அவர் கையில் ஒரு ஃபோன், ஒரு ரேகைக் கருவி. புதிய கருவிகள் ரேகையைத் தங்களுக்குள்ளேயே சங்கேதமாக்கித்தான் அனுப்புகின்றன, அது நல்லது. ஆனால் உங்கள் ஆதார் எண்ணும், திரையில் காட்டும் தொகையும், ஏஜென்டின் கடவுச்சொல்லும் அந்த ஃபோன் வழியாகத்தான் போகின்றன. ஒரு ஃபோன் கெட்டால் ஒரு ஊரே கெடும். ஆகவே ஏஜென்ட் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்தான் எங்கள் முதல் வேண்டுகோள்: தொழிலுக்கு வைத்திருக்கும் ஃபோனைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பணம் எடுக்கப் போகிறவர்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஃபோனு அப்டேட்டா இருக்குதா?" தராசைப் பார்த்து எடை கேட்கிற மாதிரிதான், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பார்ப்பது எளிது. ஃபோனில் அமைப்புகளுக்குள் போய், ஃபோனைப் பற்றிய பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்று ஒரு தேதி தெரியும். ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வெளியாகின்றன. உங்கள் கம்பெனி அதை உங்களுக்கு அனுப்புவது சில மாதம் பிந்தலாம். அந்தத் தேதி ஓராண்டுக்கும் பழையது என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். கம்பெனியே கைவிட்ட மாடல் என்றால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, அதை நேராகச் சொல்லிவிடுவோம். அந்த ஃபோனில் பாட்டுக் கேளுங்கள், படம் பாருங்கள். வங்கிச் செயலியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மடிக்கணினி விஷயம் எங்களுக்குக் கொஞ்சம் மனசுக்கு நெருக்கமானது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவை இன்னும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. சில வீடுகளில் தம்பி, தங்கை கைக்கு வந்து இப்போதும் ஓடுகின்றன. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஒரு பக்கம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் இருந்தன. பாஸைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், நாங்களே அழித்துக் கொடுத்தோம். விண்டோஸ் 7க்குத் திருத்தம் வருவது 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று நின்றது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கிடைக்கும். பதிவு செய்ய நாங்கள் உதவுகிறோம். பழைய மடிக்கணினிகளுக்கு இப்போதும் திருத்தம் வருகிற, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றித் தருகிறோம். தமிழில் தட்டச்சு செய்யலாம், பாடம் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். கிராக் விண்டோஸ் இனி எங்கள் கடைகளில் ஏற்றுவதில்லை என்று பேசி முடிவெடுத்திருக்கிறோம். எல்லாரும் காப்பாற்றுவோமா என்பதை நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும்.

அப்டேட் போட்டு அதனாலேயே கெட்டதும் உண்டு, இல்லையென்று சாதிக்க மாட்டோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, கெர்னலோடு ஒட்டி ஓடும் அதன் நிரலைக் கவிழ்த்து 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது போலத்தான் இது. அதற்காக இ-சேவை மையக்காரர்களுக்கு ஒரு யோசனை: காலை பத்து மணிக்கு வரிசை நிற்கும்போது அப்டேட்டைத் தட்டாதீர்கள். சாயங்காலம், முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, தட்டிவிட்டுப் போங்கள். மலைமேல் காற்றடித்தாலே கரண்ட் போகிறது. பாதி அப்டேட்டில் டெஸ்க்டாப் அணைந்தால் வம்பு. யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் செலவாகும் என்கிற கவலையும் நியாயம்தான். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்கிற இடத்தில் இருந்துகொண்டு ஒரு ஜிபி இறக்கு என்று சொல்ல எங்களுக்கு மனசு வராது. மரவள்ளி லோடோடு கீழே வரும் நாளில், சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ இறங்கும் நாளில், ஃபோனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் வைஃபையில் போட்டு வைக்கிறோம், காசு வேண்டாம். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்புக் கொண்டுபோகும் தான்ஃபிநெட் திட்டம் 12,525 ஊராட்சிகளுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். மலை ஊராட்சிகளில் அந்த இணைப்பு அலுவலக அறைக்குள்ளேயே நின்றுவிடாமல், வாரம் ஒரு நாள் மக்களின் ஃபோன் அப்டேட்டுக்கும் கிடைக்கும்படி செய்ய வேண்டுமென்று கிராம சபையில் கேளுங்கள். நாங்களும் வந்து கேட்கிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, வாட்ஸ்ஆப்பில் "உடனே அப்டேட் செய்யவும்" என்று வரும் கோப்பைத் தட்டிவிடாதீர்கள். உண்மையான அப்டேட் ஃபோனின் அமைப்புகளுக்குள்தான் இருக்கும். யாரும் அதை அனுப்பி வைக்க மாட்டார்கள். பி.எம். கிசான், வாகன அபராதம், வங்கி கேஒய்சி என்று வரும் ஏபிகே கோப்புகளும் இதே ரகம். தட்டிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடைக்கு வரும்போது சார்ஜரை மறக்காமல் கொண்டுவாருங்கள். உங்கள் லாக் பேட்டர்னை எங்களிடம் சொல்ல வேண்டாம். நீங்களே திறந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியின் கணினி, கைபேசி பழுது பார்ப்போரும் இ-சேவை மையத்தாரும் கணினி ஆசிரியர்களும்